ஓஎல்இடி திரையில் 'துளை' எப்படி உள்ளே போகிறது, எப்படி நகர்கிறது?

கேள்வி இதுதான்: ஓஎல்இடி (சேதனச் சேர்வையே ஒளிரும்) திரைகளில் துளை, அதாவது இலத்திரன் இல்லாத வெற்றிடம், செலுத்தும் படை (அடுக்கு) என்று ஒன்று இருப்பதாக வாசித்தேன். சிலிக்கன் இல்லாத, பிளாஸ்டிக் மாதிரியான சேதனப் பொருளுக்குள் துளை எப்படிப் புகுகிறது, புகுந்த பிறகு எப்படி நகர்கிறது?

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வகுப்பிலும் இது வரும். "சேர், சிலிக்கனில வாற அதே துளைதானே?" என்று கேட்பார்கள். பெயர் ஒன்றுதான். ஆனால் சிலிக்கன் படத்தை மனதில் வைத்துக்கொண்டு சேதனப் பொருளுக்குள் இறங்கினால் பாதி வழியில் குழம்பிவிடும். அதற்குப் பதிலாக ஒட்சியேற்றத்தை, அதாவது இலத்திரனை இழப்பதை, பிடித்துக்கொண்டு போங்கள்.

சிலிக்கன் பளிங்கில் அணுக்கள் எல்லாம் பங்கீட்டுப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டவை. இலத்திரன் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை, பளிங்கு முழுவதும் பரவி நிற்கும். ஓஎல்இடிக்காக ஆவியாக்கிப் படியவைக்கிற மூலக்கூறுகளோ தனித்தனி ஆட்கள். அவற்றுக்கிடையே இருப்பது நலிந்த வந்தர்வாலின் விசை. எனவே இங்கே துளை என்பது ஓர் இலத்திரனை இழந்து கற்றயனாகிவிட்ட (நேரேற்றம் பெற்ற) ஒரு மூலக்கூறு. துளையைச் செலுத்துவது என்றால், அனோட்டு (நேர் மின்வாய்) தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறிலிருந்து ஓர் இலத்திரனைப் பறிப்பது. அவ்வளவுதான், உள்ளே எதுவும் 'போவதில்லை'.

பறிப்பது எவ்வளவு சுலபம்? வழமையான அனோட்டு, இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு பூசிய கண்ணாடி. அதன் வேலைச் சார்பு (பரப்பிலிருந்து ஓர் இலத்திரனை வெளியே எடுக்கத் தேவையான சக்தி) ஏறத்தாழ 4.7 இலத்திரன் வோல்ற்று. துளை கடத்த அதிகம் பயன்பட்ட என்பிபி என்ற அமீன் சேர்வையில், இலத்திரன் இருக்கும் மிக உயர்ந்த மட்டம் சுமார் 5.4 இலத்திரன் வோல்ற்று ஆழத்தில் இருக்கிறது. இடைவெளி 0.7; துளை தாண்டவேண்டிய தடை இதுதான். அறை வெப்பநிலை தரும் வெப்பசக்தியோ 0.025தான். எளிய அடுக்குக்குறிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடை 0.1 குறைந்தாலே ஓட்டம் கிட்டத்தட்ட 50 மடங்கு கூடும். துளை செலுத்தும் படை என்று தனியாக ஒன்றை வைப்பது இதற்காகத்தான். கண்ணாடியை ஓசோனும் புற ஊதா ஒளியும் கொண்டு சுத்தம் செய்வதுகூட அந்த 4.7ஐக் கொஞ்சம் உயர்த்தத்தான்.

என் எண்ணத்தில் இந்தத் துறையின் அழகான உதாரணம் மொலித்தனம் மூவொட்சைட்டு. வெற்றிடத்தில் புதிதாகப் படியவைத்தால் அதன் வேலைச் சார்பு 7க்குச் சற்றுக் குறைவு. சில நனோமீற்றர் தடிப்பில் அனோட்டுக்கு மேல் பூசினால் துளை தாராளமாகச் செல்கிறது. அது துளைகளைக் கடத்தும் பொருளாக இருக்கவேண்டும் என்று பலரும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். அளந்து பார்த்தால் அது இலத்திரன் கடத்தும் பொருள்! அதன் வெற்றுப் பட்டி (இலத்திரன் இல்லாமல் காலியாக உள்ள சக்தி மட்டங்கள்) மிகவும் ஆழத்தில் கிடப்பதால், பக்கத்து மூலக்கூறின் இலத்திரன் அதற்குள் இறங்கி அனோட்டுக்கு ஓடிவிடுகிறது. பின்னால் கற்றயன் மிஞ்சுகிறது. பக்கா ஒட்சியேற்றம்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். புத்தகப் படங்களில் உலோகத்தின் மட்டத்தையும் மூலக்கூறின் மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டு, வித்தியாசம்தான் தடை என்பார்கள். தங்கத்தில் இது அப்படியே பொருந்தாது. சுத்தமான உலோகப் பரப்புக்கு வெளியே இலத்திரன் மேகம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் அது உள்ளே தள்ளப்பட்டு வேலைச் சார்பு குறைந்துவிடும். இரு பொருளும் தொட்ட பிறகு அதே பரப்பில் அளந்த எண்ணையே நான் நம்புவேன்.

சரி, நகர்வது எப்படி? மழை வெள்ளம் நின்ற ஒழுங்கையில் கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டுகிற மாதிரி. கற்கள் ஒரே தூரத்திலும் இல்லை, ஒரே உயரத்திலும் இல்லை. துளை மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் மூலக்கூறு தன் வடிவத்தைச் சிறிது மாற்றிக்கொள்ளவேண்டும், அதற்கும் சக்தி செலவு. இந்தச் செலவைக் கணக்கிடும் கோட்பாட்டுக்காகத்தான் ருடோல்ஃப் மார்க்கசுக்கு 1992இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. சிலிக்கனில் துளையின் நகர்திறன் (மின்புலத்தில் எவ்வளவு வேகமாக நகரும் என்ற அளவு) சுமார் 450 சதுர சென்ரிமீற்றர்/வோல்ற்று செக்கன். என்பிபி போன்றவற்றில் அது அதே அலகில் வெறும் 0.001, 0.0001 என்ற அளவு. சிலிக்கனைச் சூடாக்கினால் நகர்திறன் குறையும். இந்த ஒழுங்கற்ற படலங்களில் கூடும், தாவ வெப்பம் உதவுகிறதே!

இவ்வளவு மந்தமான பொருள் எதற்கு உதவும் என்றால், காலி வீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்குப் போய் டிரம் மாற்றும்போது பாருங்கள். பச்சையும் நீலமும் கலந்த பளபளப்பான உருளை. அநேகமானவற்றில் உள்ளே அலுமினியம், அதன்மேல் தலோசயனின் என்ற சாயத்தின் மெல்லிய படை, அதற்கும் மேல் பொலிகாபனேற்றில் அமீன் கலந்த இருபது, முப்பது மைக்ரோமீற்றர் படை. இருட்டில் வெளிப்பரப்புக்கு மறையேற்றம் கொடுப்பார்கள். ஒளி பட்ட இடத்தில் தலோசயனின் துளையை உண்டாக்கி அமீன் படைக்குள் விடும். அது மூலக்கூறு மூலக்கூறாகத் தாவி மேலே வந்து, அந்த இடத்து மறையேற்றத்தை அழிக்கும். எங்கள் பிள்ளைகள் கையில் இருக்கும், போட்டோகொப்பி எடுத்த ரியூட் (பயிற்சித் தாள்) இப்படித்தான் அச்சாகிறது. டிரம்மை வெளிச்சத்தில் திறந்து வைக்காதே என்று கடைக்காரர் சொல்வதும் இதனால்தான்.

வேகம் குறைவென்றால் படலத்தை மெல்லியதாக்கலாம். 1960களில் அந்திரசீன் பளிங்கை ஒளிரவைக்க நூற்றுக்கணக்கான வோல்ற்று தேவைப்பட்டது. 1987இல் கோடாக்கின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான்ஸ்லைக்கும் நூறு நனோமீற்றர் அளவில் இரண்டு படைகளை அடுக்கி, 10 வோல்ற்றுக்குக் கீழேயே பிரகாசமான பச்சை ஒளி எடுத்தார்கள். ஒரு படை துளைக்கு, மற்றது இலத்திரனுக்கு.

அப்புறம், துளையை எவ்வளவு அதிகம் செலுத்தினாலும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஒளிரவைத்த அலுமினியச் சிக்கற் சேர்வையில் இலத்திரன் துளையைத் தேடி மிக மெதுவாகவே வரும். துளைகள் மிஞ்சினால் அந்தச் சேர்வையே கற்றயனாகும். அந்தக் கற்றயன் நிலையற்றது என்றும், பச்சை ஒளி மங்குவதற்கு அதுவே காரணம் என்றும் 1999இல் கனடாவின் செரொக்ஸ் ஆய்வுமையத்தில் ஹானி அசீசும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஆகவே சில வடிவமைப்புகளில் துளையை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதப்படுத்துவார்கள், இலத்திரன் வந்து சேரும் வரைக்கும்.