ப்ளீக்லோ மேட்டில் கிடக்கும் விமானங்கள்

கேள்வி: மான்செஸ்டரில் வசிக்கிறோம். இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியிலுள்ள ப்ளீக்லோ மேட்டில் போர்க்கால விமானம் ஒன்றின் பாகங்கள் இன்னும் கிடக்கின்றனவாமே? பன்னிரண்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?
– வாசகி, மான்செஸ்டர்

பதில்: மேகம் இறங்காத நாளாகப் பார்த்துப் போங்கள். நீங்கள் கேள்விப்பட்டது ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் (621 மீ.) அருகே கிடக்கும் அமெரிக்க பி-29 விமானமாக இருக்கும். அது விழுந்தது போர் முடிந்த பிறகு, 1948 நவம்பர் 3 அன்று. ஸ்காம்ப்டனிலிருந்து பர்டன்வுட் தளத்துக்குப் போகையில் மேகத்துக்குள் மேட்டில் மோதியது. இருந்த 13 பேரும் இறந்தனர். போர்க்காலத்தையொட்டியவை வேண்டுமென்றால் சுமார் 1 கி.மீ. மேற்கே, ஜேம்ஸஸ் தார்ன் பக்கம் போக வேண்டும். அங்கே 1945 மே 18 அன்று கனடிய விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானமும், ஜூலை 24 அன்று அமெரிக்க சி-47 போக்குவரத்து விமானம் ஒன்றும் விழுந்தன. ஆனால் அந்தச் சரிவு செங்குத்து. மகனோடு முதல் முறை போகிறவர்களுக்கு பி-29 போதும்.

ஏ57 சாலையில் ஸ்னேக் பாஸ் உச்சியில் (512 மீ.) காரை நிறுத்தலாம். இடம் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். பென்னைன் வே பாதையில் வடக்கே நடந்தால் முதலில் கற்பலகை பாவியிருக்கும். டெவில்ஸ் டைக் பள்ளத்தைத் தாண்டி ஹெர்ன் கிளஃப் ஓடையை ஒட்டி ஏறி, பிறகு பென்னைன் வேயை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். ஒரு வழி 3.5 கி.மீ. தான். போய்வர நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வழி தவறுவது பெரும்பாலும் பாதையை விட்ட பிறகுதான். பீட் எனும் கரிச்சேற்றை மழைநீர் அறுத்து, ஆள் மறையும் பள்ளங்களாக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி நடக்கையில் திசை தானாகவே விலகிவிடும். அதனால் சிதைவை நேராகத் தேடாமல், முதலில் உச்சியில் நிற்கும் வெள்ளை நில அளவைத் தூணை அடையுங்கள். அங்கிருந்து கிழக்கே சில நிமிடங்களில் பி-29-இன் இயந்திரங்கள் தெரியும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஓ.எல்.1 வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். அந்த இயந்திரங்களில் எஃகு உண்டு; அவற்றின் மேல் வைத்துத் திசை பார்த்தால் முள் விலகும், சில மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். செல்போனில் சிக்னல் நிச்சயமில்லை. ஆபத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊத மகனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: நினைவாக ஒரு சிறு துண்டு எடுத்துவரலாமா?
– வாசகர், லீட்ஸ்

பதில்: கூடாது. 1986-ஆம் ஆண்டின் ராணுவச் சிதைவுகள் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் எதையும் அசைப்பதும் தோண்டுவதும் எடுப்பதும் குற்றம். ஒரு ரிவெட்டும் அதில் அடக்கம். மனிதர்கள் இறந்த இடம் அது. மற்றவர்கள் வைத்துப்போன சிலுவைகளையும் போரில் இறந்தவர்கள் நினைவாக வைக்கும் பாப்பி மலர்வளையங்களையும்கூட தொடாமல் விடுங்கள்.