விசார்ட், சோர்சரர், வார்லாக்: எந்த மந்திரவாதியைத் தேர்ந்தெடுப்பது?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நண்பர்கள் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆடத் தொடங்குகிறோம். மந்திரவாதி வேடம் எனக்கு. விசார்ட், சோர்சரர், வார்லாக் மூவருமே ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்) வீசுகிறார்கள் என்றால் மூன்று கிளாஸ்கள் (பாத்திர வகைகள்) எதற்கு? வாரத்துக்கு ஒரு மாலைதான் ஆடுவோம். பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய சண்டைதான் இருக்கும் என்று எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்கிறார். நான் எதை எடுக்கலாம்?"

முதலில் ஒரு திருத்தம். விசார்டும் சோர்சரரும் ஃபயர்பாலைத் தங்கள் பொதுப் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வார்லாக்குக்கோ, ஃபீண்ட் எனப்படும் நரகத்துப் புரவலரோடு ஒப்பந்தம் செய்திருந்தால்தான் அது கிடைக்கும். ஆனாலும் இவர்களை வேறுபடுத்துவது மந்திரப் பட்டியல் என்பதைவிட, எந்த மந்திரம் வேண்டும் என்பதை எப்போது முடிவு செய்கிறார்கள், செலவழித்த சக்தியை எப்போது திரும்பப் பெறுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளே.

ஐந்தாம் லெவலை எடுத்துக்கொள்வோம். முதன்மைத் திறன் 18 என்று வைத்துக்கொள்வோம். விசார்டின் புத்தகத்தில், தொடக்கத்தில் எழுதிய 6 மந்திரங்களும் லெவலுக்கு இரண்டாகச் சேர்ந்த 8 மந்திரங்களுமாகக் குறைந்தது 14 இருக்கும். வழியில் கிடைக்கும் சுருள்களிலிருந்து, மந்திரத்தின் ஒவ்வொரு லெவலுக்கும் 50 பொற்காசும் இரண்டு மணி நேரமும் செலவிட்டு, இன்னும் எழுதிக்கொள்ளலாம். லாங் ரெஸ்ட் எனப்படும் நீண்ட ஓய்வு முடிந்ததும் அவற்றில் 9 மந்திரங்களை அன்றைக்கென்று தயார் செய்வார். சோர்சரர் அறிந்தவை 6 மட்டுமே. லெவல் ஏறும்போது அவற்றில் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வார்லாக்குக்கும் 6 தான். ஸ்லாட் (மந்திரம் வீசச் செலவாகும் வாய்ப்பு; மந்திரங்களைப் போல அதற்கும் தனி லெவல் உண்டு) கணக்கு வேறு: முதல் இருவருக்கும் தலா 9 ஸ்லாட்கள் உண்டு, அவற்றில் இரண்டே மூன்றாம் லெவல்; வார்லாக்குக்கு மொத்தமே இரண்டுதான், ஆனால் இரண்டும் மூன்றாம் லெவல், அதுவும் ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் (குறு ஓய்வு) எடுத்தாலே திரும்ப வந்துவிடும்.

இங்கேதான் உங்கள் டிஎம் சொன்ன செய்தி முக்கியமாகிறது. ஒரு நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கும் குழுவில் வார்லாக் ஆறு மூன்றாம் லெவல் மந்திரங்களை வீசிவிடுவார். விசார்டோ, ஆர்கேன் ரிகவரி என்ற தன் திறனால் ஒரு ஸ்லாட்டை மீட்டுக்கொண்டாலும், மூன்றோடு நின்றுவிடுவார். அந்த நாளில் ஒரே சண்டை, பிறகு நேராகத் தூக்கம் என்றால் வார்லாக் இரண்டு மந்திரங்களை வீசிவிட்டு எஞ்சிய சுற்றுகள் முழுவதும் ஸ்லாட் செலவில்லாத எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்தையே எய்துகொண்டிருக்க, மற்ற இருவரும் சுற்றுக்கொரு மந்திரமாக இறக்குவார்கள். எல்ட்ரிச் பிளாஸ்ட் நல்ல ஆயுதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வில்லாளி ஒருவரும் ஏறத்தாழ அதைத்தான் செய்கிறார். எனவே, ஷார்ட் ரெஸ்ட்டுக்கு இடம் கொடுப்பதாக டிஎம் உறுதி சொன்னால் தவிர, உங்கள் குழுவில் வார்லாக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீதமுள்ள இருவரில் சோர்சரரைப் பலர் ஏழை விசார்ட் என்று நினைப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1974இல் வெளிவந்த முதல் விதிநூலில் மேஜிக்-யூசர் என்ற ஒரே கிளாஸ்தான் இந்த வழியில் இருந்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் சோர்சரர் வந்தபோது, எந்த ஸ்லாட்டில் எந்த மந்திரம் என்று விசார்ட் முன்கூட்டியே நிரப்பி வைக்க வேண்டும், சோர்சரருக்கோ அந்தக் கட்டு இல்லை என்பதே அவருடைய பெருமை. ஐந்தாம் பதிப்பு அந்தச் சுதந்திரத்தை விசார்டுக்கும் கொடுத்துவிட்டது. ஈடாக, முன்பு எவரும் எடுக்கக்கூடியதாக இருந்த, வீசும் மந்திரத்தின் போக்கை மாற்றும் மெட்டாமேஜிக்கைச் சோர்சரருக்கே உரியதாக்கியது.

அதன் மதிப்பு ஆட்டத்தில்தான் தெரியும். ட்வின்டு ஸ்பெல் என்ற மெட்டாமேஜிக்கை எடுத்த சோர்சரர் மூன்று சோர்சரி பாயிண்ட் (மெட்டாமேஜிக்குக்கான புள்ளி) செலவில், ஒரே ஸ்லாட்டைக் கொண்டு, வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரத்தை இரண்டு போர்வீரர்கள் மீது ஒருசேரப் போடலாம். விசார்ட் எத்தனை மந்திரம் படித்திருந்தாலும் இதைச் செய்ய முடியாது. ஆனால் அடிபட்டுக் கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தை நீடிக்க வைக்கும் கவனம்) குலைந்தால் இரு வீரர்களும் ஒரு சுற்று செயலற்று நிற்பார்கள். அந்தக் கவனத்தைக் காக்கும் பகடை வீச்சான கான்ஸ்டிடியூஷன் சேவ் பயிற்சி சோர்சரருக்குத் தொடக்கத்திலேயே இருப்பது இந்த இடத்தில் காப்பாற்றும். (2024 விதிகளுக்கு மாறினால் ஹேஸ்டை இப்படி இரட்டிப்பாக்க முடியாது.)

ஃபயர்பாலிலேயே இன்னொரு வேறுபாடு பாருங்கள். நண்பர்கள் எதிரிகளோடு கலந்து நிற்கும்போது, இவொகேஷன் என்ற மந்திரப் பள்ளியைச் சேர்ந்த விசார்ட் நான்கு பேரைத் தேர்ந்து அவர்கள்மேல் ஒரு பொறியும் படாமல் வீசுவார். சோர்சரரின் கேர்ஃபுல் ஸ்பெல் என்ற மெட்டாமேஜிக்கோ நண்பர்களின் சேவ் வீச்சை வெற்றியாக்குமே தவிர, பாதி சேதத்தைத் தடுக்காது. ஃபயர்பாலின் சேதமான 8டி6 (எட்டு ஆறுமுகப் பகடைகள்) சராசரியாக 28 என்பதால் தோழர்களுக்கு 14 விழும். அதை நம்பி வீசிய பிறகுதான் விதியைப் படிக்கிறவர்கள் அதிகம்.

உங்கள் வினாவுக்கு என் விடை விசார்ட். ஆறே மந்திரங்களை நன்றாகத் தேர்ந்தெடுக்க விதிகளில் பழக்கம் வேண்டும்; புதியவர் தவறாக எடுத்தால் சோர்சரருக்கு அடுத்த லெவல்வரை விடிவில்லை, விசார்டுக்கு மறுநாள் காலையே விடிவு. முதல் ஆறில், துணை விலங்கை வரவழைக்கும் ஃபைண்ட் ஃபெமிலியரைச் சேருங்கள். ரிச்சுவல் (சடங்காகச் செய்யக்கூடிய மந்திரம்) ஆகையால் அதைத் தயார் செய்யவும் வேண்டாம், ஸ்லாட்டும் செலவாகாது. வரும் ஆந்தை எதிரியிடம் பறந்து போய், உதவி செய்துவிட்டு, பதிலடி வாங்காமல் திரும்பும். ஒவ்வொரு முறையும் 10 பொற்காசு பெறுமான கரி, தூபம், மூலிகை எரிந்துபோகும்; ஆதலால் முதல் ஊரிலேயே இரண்டு முறைக்கு ஆவதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.