திருப்பூர்: நான்கு மாத வாடகை பாக்கிக்காக, வாடகைக்கு விட்ட வீட்டைப் பூட்டலாமா?

பூட்டாதீர்கள். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் கூடாது. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் புகார் உங்கள் மேல் திரும்பிவிடும்.

காலி செய்யக் கோர இரண்டு மாத பாக்கியே போதும். தொகையைக் குறிப்பிட்டு, குடியிருப்பவருக்கு ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டால் இந்தக் காரணத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் செல்லலாம்.

குடியிருப்பவர் துணிச்சலாக இழுத்தடிப்பது, எழுத்தில் எதுவும் இல்லை என்பதால் இருக்கலாம். பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு வாய்ப்பேச்சை நம்பி வீடு விடுவது நம் பக்கத்தில் சகஜம். எத்தனை பேர் இதில் தவிக்கிறார்கள்! ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலர்) பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் நோட்டீசுக்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.