ஆறலை கள்வர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

இத்தாலியின் சார்டினியாவை ஒட்டியுள்ள சான் பியட்ரோ தீவின் வல்லூறுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை எனக்காக. அடுத்த தடவை ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய சின்னப் பறவைகள் ராத்திரி முழுக்கக் கடல்மேல் பறந்து, விடிகிற நேரத்தில் கரை கண்ணுக்குத் தெரியும்போது பிடிபடுகிற இடம் அது. "அதுக்கு வேற சாப்பாடே கிடையாதாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீங்களே அந்த வல்லூறுகளை 'ஆறலை கள்வர்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாலை வழியில் போகிறவர்களை அடித்துப் பறிக்கும் கூட்டம். ஆனால் அடுத்த பத்தியிலேயே அவை பறக்கும் அழகில் சொக்கிப்போய்விடுகிறீர்கள். இரண்டில் எது உங்கள் எண்ணம்? மற்ற பறவைகளைப் போல வசந்தத்திலேயே குஞ்சு பொரித்தால் என்னவாம்? மொராக்கோவில் இவை குருவிகளின் இறகைப் பிடுங்கிப் பாறை இடுக்கில் உயிரோடு அடைத்துவைக்கின்றன என்றும் ஒரு செய்தி படித்தேன். அது நிஜமா? இவ்வளவு கேட்டுவிட்டு இதையும் கேட்கிறேன்: போய்ப் பார்ப்பதென்றால் எந்த மாதம் போக வேண்டும்?

ம.,
தூத்துக்குடி

அன்புள்ள ம.,

மகளின் கேள்விக்கு முதலில். வேறு சாப்பாடு இருக்கிறது. சொல்லப்போனால் இந்த எலனோரா வல்லூறு வருஷத்தின் பெரும்பகுதி பூச்சி தின்று வாழும் பறவை. தட்டான், வண்டு, சிள்வண்டு, சிறகு முளைத்த எறும்பு எல்லாம் அதற்கு ஆகும். காலால் பிடித்து, பறந்தபடியே காலை அலகுக்குக் கொண்டுவந்து, சிறகைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தின்னும். கடலை கொறித்தபடி நடக்கும் ஆள்தான் எனக்கு ஞாபகம் வருவார். குஞ்சு வளர்க்கும் நாட்களில் மட்டும் அது வேறு பறவையாகிவிடுகிறது. நான் போனது அந்த நாட்களில். நீங்கள் வாசித்ததும் அந்த நாட்களை மட்டும்தான். கட்டுரையில் பூச்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது என் தவறு.

வசந்தத்தில் ஏன் முட்டையிடுவதில்லை? ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான் இவை மடகாஸ்கரிலிருந்து திரும்பி வருகின்றன. வந்ததும் முட்டையிடுவதில்லை. இரண்டு மாதம் மலைக்காடுகள், ஏரிக்கரைகள் என்று பூச்சி இருக்கும் இடமெல்லாம் சுற்றுகின்றன. ஜூலைக் கடைசியில்தான் பாறை இடுக்கில், குச்சியும் இல்லாமல் புல்லும் இல்லாமல், வெறும் மண்ணைச் சீய்த்த குழியில் இரண்டு மூன்று முட்டைகள். ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். ஆகஸ்ட் கடைசியில் குஞ்சு வெளியே வரும்போது மத்தியதரைக் கடற்கரை காய்ந்து சருகாகிக் கிடக்கும். மற்ற பறவைகளுக்கு அது பஞ்ச காலம். ஆனால் சரியாக அந்த வாரங்களில் வடக்கிலிருந்து பெருங்கூட்டம் கிளம்பிவிடுகிறது. இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சிறு பறவைகள் 200 கோடிக்கு மேல் என்று ஒரு கணக்கு உண்டு. வசந்தத்திலும் அவை திரும்பி வரத்தான் செய்கின்றன. ஆனால் அப்போது பிழைத்தவை மட்டுமே வருகின்றன. இலையுதிர் காலத்தில் அந்த வருஷத்துக் குஞ்சுகளும் சேர்ந்து போகின்றன. கூட்டமும் பெரிது, ஓட்டமும் இரண்டு மாதத்துக்கு நீள்கிறது. குஞ்சு வாய் பிளக்கும் நாளை அந்த ஓட்டத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது இந்தப் பறவை. சாளை வரும் மாதத்தைப் பார்த்து வலையைச் செப்பனிடுகிற ஊர்க்காரரான உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டமாக வாழ்வதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வல்லூறுகள் தனிக்குடித்தனக்காரர்கள். ஒரு ஜோடி கூடு வைத்த பாறைப்பக்கம் இன்னொரு ஜோடி எட்டிப் பார்க்க முடியாது, வேட்டைக்காடு பறிபோய்விடும். இவற்றின் வேட்டைக்காடு கடல்மேல் இருக்கும் வெற்று ஆகாயம். அங்கே வேலி போட யாராலும் முடியாது. எனவே ஒரே பாறைச் சரிவில் பத்தடிக்கு ஒரு கூடு இருந்தாலும் பெரிய சண்டை இல்லை. கருத்தவையும் வெளுத்தவையும் கலந்தே இருக்கின்றன. ஏறத்தாழ நான்கில் ஒன்று உடம்பு முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம், மற்றவை வெளிர் நெஞ்சில் கோடு கோடாக. இரண்டும் ஒரே இனம்தான். ஒரே கூட்டில் இரண்டு நிறமும் பிறக்கும்.

கட்டுரையில் அவசரமாகத் தாண்டிப்போன ஒரு காட்சியை இப்போது நிதானமாகச் சொல்கிறேன். கப்போ சாந்தலோ என்பது தீவின் மேற்கு முனை. ஒரு கலங்கரை விளக்கம், எரிமலைக் குழம்பு இறுகிய சிவந்த பாறை, கீழே கடல். அங்கே வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மாயெஸ்த்ராலே என்று பெயர். தொலைநோக்கியின் முக்காலியைக் கல் கட்டி நிறுத்தியிருந்தேன், அப்படியும் படம் ஆடியது. விடிகிற நேரம். ஆண் வல்லூறுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கடலுக்கு மேலே போய், காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. பறக்கவில்லை, நின்றன. ஒன்று அலைக்கு ஐம்பது அடி உயரத்தில், ஒன்று அதற்கு மேலே, ஒன்று கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிற உயரத்தில். எண்ணினேன், இருபத்தேழு. சிறகு விரிந்தபடியே இருக்க, வால் மட்டும் விசிறிபோல் திறந்து மூடியது. கரையிலிருந்து பார்க்கையில் ஆகாயத்தில் பெரிய கண்ணி வலை ஒன்றைத் தொங்கவிட்டதுபோல் இருந்தது.

தூரத்தில் ஒரு கீச்சான் வந்தது. முதலில் ஒரு வல்லூறு பாய்ந்து தவறவிட்டது. கீச்சான் பக்கவாட்டில் முறித்துக்கொண்டது. இரண்டாவது பாய்ச்சலும் தவறியது. மூன்றாவது வல்லூறு கீழிருந்து மேலேறி எடுத்தது. அது கரைக்குத் திரும்பிக் குரல் கொடுக்கவும் பாறையிலிருந்து பெண் எழுந்து வந்து காலிலிருந்து வாங்கிக்கொண்டு போனது. சற்று நேரத்தில் சாம்பல் நிறத் தூவி ஒன்று காற்றில் உருண்டு என் செருப்பில் ஒட்டியது. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில்தான் 'ஆறலை கள்வர்' என்ற சொல் எனக்கு வந்தது. ஊருக்குத் திரும்பியதும் அப்படியே எழுதிவிட்டேன். சங்கப் பாட்டுச் சொல் ஒன்று கச்சிதமாக வந்து உட்கார்ந்தால் அதைத் தட்டிப் பார்க்கத் தோன்றுவதில்லை. எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி இது.

அதே தீவின் துறைமுக ஊர் கார்லோஃபோர்த்தே. அங்குள்ளவர்களே வந்தேறிகள். 1738-இல் துனிசியக் கரையின் தபார்க்காவிலிருந்து வந்து குடியேறிய ஜெனோவா வம்சாவளியினர். இன்றும் வீட்டில் பேசுவது பழைய ஜெனோவா மொழியின் ஒரு வகை. அந்த ஊரின் பெருமை வல்லூறு இல்லை, சூரை. அட்லாண்டிக்கிலிருந்து ஜிப்ரால்டர் வழியாக முட்டையிட உள்ளே வரும் பெரிய சூரை மே, ஜூன் மாதங்களில் இந்தக் கரையை ஒட்டிப் போகும். போகிற வழியில் கடலுக்குள் வலையாலேயே சுவர்கள், அறைகள், வாசல்கள் கட்டிவைத்திருப்பார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு மீனைத் தள்ளித் தள்ளிக் கடைசி அறைக்குக் கொண்டுவருவார்கள். அந்த அறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மரண அறை. கரைவலையின் மடி போல, ஆனால் வீடு அளவுக்குப் பெரியது. இந்த வேலைக்குத் தலைவர் 'ராயிஸ்'. அரபுச் சொல். ராயிஸ் சொன்ன பிறகுதான் வலையைத் தூக்குவார்கள். அந்த மீனின் சதையை உப்பிட்டு உலர்த்தித் தொங்கவிட்டிருக்கிறார்கள், பார்த்தால் நம் மாசிதான். நான் அதை ரொட்டியில் வைத்துத் தின்றுவிட்டு, அடுத்த நாள் காலை மலைமுனைக்குப் போய் வல்லூறுகளைக் கள்வர் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பாறையில் இரண்டு கூட்டம். இரண்டும் வழியே போகிறவற்றை நம்பிக் குஞ்சு குட்டிகளைக் காப்பாற்றுகின்றன. ஒன்று மே மாதத்துக்கு வலை போடுகிறது, மற்றது செப்டம்பருக்கு. ஒன்றைப் 'பாரம்பரியத் தொழில்' என்றும் மற்றதைக் 'கொள்ளை' என்றும் எழுத எனக்கு எந்த நியாயமும் இல்லை.

அந்தச் சொல் இன்னொரு வகையிலும் தவறு. ஆறலை கள்வர் வழியோரம் பதுங்கி இருப்பவர்கள், பயணம் போகிறவர்கள் அல்லர். இந்த வல்லூறோ தானே பெரிய பயணி. சான் பியட்ரோவில் பிடித்துச் செயற்கைக்கோள் கருவி கட்டி விட்ட வல்லூறுகளைப் பற்றிய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அதுவரை, இவை செங்கடலோரமாகச் சுற்றிப் போகின்றன என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். கருவி வேறு கதை சொன்னது. சஹாராவை ஊடறுத்து, பூமத்திய ரேகைக் காடுகளையும் தாண்டி, கண்டத்தின் குறுக்கே மடகாஸ்கர் வரை போகின்றன. நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். அக்டோபரில் கூட்டைவிட்டு எழுந்த குஞ்சு, தான் தின்று வளர்ந்த கதிர்க்குருவிகளின் இனம் போன அதே பாலைவனத்தைத் தானும் கடந்தாக வேண்டும்.

அடுத்தது மொராக்கோ. எஸ்ஸவீராவுக்கு எதிரே மொகதோர் தீவுகளில் இந்த வல்லூறுகளின் பெரிய குடியிருப்பு ஒன்று இருக்கிறது. பாறை இடுக்குகளில் உயிரோடு இருந்த சிறு பறவைகளை, சிறகிலும் வாலிலும் இறகு பிடுங்கப்பட்டு பறக்க முடியாத நிலையில், அங்கே கணக்கெடுக்கப் போனவர்கள் கண்டார்கள். 2015-இல் அதை வெளியிட்டார்கள். வல்லூறு வேண்டுமென்றே சேமித்துவைக்கிறது என்பது அவர்கள் துணிபு. வேறு சில பறவையியலாளர்கள் ஏற்கவில்லை. அடிபட்டுத் தப்பிய பறவை தானே இடுக்கில் போய் ஒண்டியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். செத்த இரையை இடுக்குகளில் பதுக்கிவைத்துப் பிறகு எடுத்துத் தின்பதில் மட்டும் சந்தேகமில்லை, நானே பார்த்தேன். உயிரோடு அடைப்பதை நான் பார்த்ததில்லை. 'பறவைச் சிறைச்சாலை' என்று தலைப்புப் போட்ட செய்தியைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தலைப்பும் என் 'கள்வர்' மாதிரிதான்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலனோரா 14-ஆம் நூற்றாண்டில் சார்டினியாவின் அர்போரேயா என்ற அரசை ஆண்ட பெண். 1392 வாக்கில் அவர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், கூட்டிலிருந்து வல்லூறுகளை எடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த நன்றிக்காக 1839-இல் இந்த இனத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பறவைமீது அன்பால் போட்ட சட்டம் என்று வழிகாட்டிகள் உருகிச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அரசர்கள் வேட்டைக்குப் பழக்குகிற பறவையை மற்றவர் தொடக் கூடாது என்பதாகத்தான் இருந்திருக்கும். இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. 1827 வரை அமலில் இருந்தது. மற்றத் தீவுகளில் அப்படி ஒரு ராணி இல்லை. கொழுத்த குஞ்சுகளை மீனவர்கள் கூட்டிலிருந்து எடுத்துத் தின்ற காலம் வெகுதொலைவில் இல்லை.

இன்று இவற்றில் பத்தில் எட்டுக்கு மேல் குஞ்சு பொரிப்பது கிரேக்கத் தீவுகளில்தான். இப்போதைக்கு அழிவின் விளிம்பில் இல்லை. ஆனால் எலி ஏறிய தீவில் முட்டை தங்குவதில்லை.

போவதென்றால் செப்டம்பரின் இரண்டாம் பாதியில் போங்கள். போர்த்தோவேஸ்மேயிலிருந்து படகு, பிறகு கப்போ சாந்தலோவுக்குச் சாலை உண்டு. பறவைகள் காப்பகத்தின் பாதைகளைவிட்டு இறங்காதீர்கள். ஆகஸ்டில் போகவே போகாதீர்கள், படகில் பாறைக்கு நெருக்கமாகப் போகிற சுற்றுலா வேண்டவே வேண்டாம். மனித நடமாட்டத்துக்குப் பெண் எழுந்து போனால், அந்த வெயிலில் முட்டை வெந்துபோகக் கொஞ்ச நேரம் போதும். மீதியைக் கடற்காக்கை பார்த்துக்கொள்ளும்.

கட்டுரையில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். 'காத்து நிற்பவர்கள்' என்று மாற்றியிருக்கிறேன். சப்பென்றுதான் இருக்கிறது, இருக்கட்டும்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். எழுத இடமில்லை என்று விட்டுவிட்டது. வல்லூறுக்கு வெட்டவெளிதான் பலம். அலையை ஒட்டிப் பறக்கும் பறவைமீது பாய்ந்தால் தண்ணீரில் மோதிவிடும் என்ற பயம் அதற்கு உண்டு. கரையேறிப் புதருக்குள் புகுந்துவிட்ட பறவையைத் தேடி இறங்குவதும் இல்லை. அன்று கீச்சானுக்குப் பிறகு ஒரு குட்டிப் பறவை அலைநுனியில் வயிறு தேய்கிற தாழ்வில் வந்தது. இரண்டு வல்லூறுகள் அடுத்தடுத்துப் பாய்ந்து, கடைசி நொடியில் வளைந்து மேலேறிவிட்டன. அது பாறையில் மோதுவதுபோல் வந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஆறேழு அடி தள்ளி ஒரு மாஸ்டிக் புதருக்குள் விழுந்தது. நெஞ்சு மஞ்சளா வெள்ளையா என்றுகூடத் தெரியவில்லை. ஏதோ ஒரு கதிர்க்குருவி. அலகு திறந்தே இருந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போத்தலைத் திறந்தேன், அந்தச் சத்தத்துக்குப் புதருக்குள் இன்னும் ஒரு கிளை உள்ளே தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது.