சுறா வறையும் பழுத்த பப்பாசியும்

கேள்வி: டொக்டர், எனக்கு இது 14ஆவது கிழமை, முதல் பிள்ளை. ஊர் நிலாவெளி. பப்பாசி, அன்னாசி, இறால், நண்டு ஒன்றையும் மாமி தொட விடுகிறா இல்லை. ஆனால் இவர் கடலால் சுறாவோ பெரிய சூரையோ கொண்டுவந்தால், "பிள்ளைக்குச் சத்து" என்று வறை செய்து தருகிறா. எனக்கு ஒரு நாளைக்கு அஞ்சாறு தேத்தண்ணி வேண்டும். உண்மையில் எதை விட வேண்டும்?

பதில்: மாமி தடுப்பதில் பெரும்பாலானவை உங்களுக்கு ஆகும். அவ ஆசையோடு செய்து தருகிற சுறா வறையைத்தான் நிறுத்தச் சொல்லப்போகிறேன். என்னோடு கோபிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடல் தண்ணீரில் இருக்கிற பாதரசம் முதலில் நுண்ணுயிர்களுக்குள் போகிறது. அவற்றைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. கடைசியில் பல வருடம் உயிர்வாழ்ந்து வேட்டையாடுகிற மீனின் சதையில் அது நிறையச் சேர்ந்துவிடும். சுறாவும், மயில்மீன், தளபத் போன்ற கூர்மூக்கு மீன்களும் அந்த வகை. அவித்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் பாதரசம் போகாது. நச்சுக்கொடியைத் தாண்டி, வளர்ந்துகொண்டிருக்கிற மூளைக்குப் போய்ச் சேரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் தொழிற்சாலைக் கழிவால் கடல் மீனில் பாதரசம் ஏறியபோது, பெரிதாக நோய் தெரியாத தாய்மாருக்கும் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். நம்முடைய நிலைமை அதுவல்ல. இதுவரை தின்றதை நினைத்து அழவும் தேவையில்லை. இனி வேண்டாம், அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு மீனையே விட்டுவிடாதீர்கள், அது இன்னும் பெரிய பிழை. சாளை, சூடை, நெத்தலி, கீரி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். நெத்தலியை முள்ளோடு தின்றால் கல்சியமும் கிடைக்கும். பெரிய சூரை கிழமைக்கு இரண்டு தரம் போதும். அதுவும் வள்ளத்தில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்ததா என்று இவரிடம் கேளுங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்கிற நச்சுப்பொருள் உண்டாகும், அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. தின்று கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடித்துப்போகும். இறாலும் நண்டும் கணவாயும், ஒவ்வாமை இல்லையென்றால், நன்றாக அவித்துச் சாப்பிடலாம்.

பப்பாசியில் மாமி பாதி சரி. காயில் வடிகிற பாலுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கிற தன்மை இருப்பது எலிகளில் செய்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால் பப்பாசிக்காய்க் கறியும் அரைப்பழமும் வேண்டாம். தோல் மஞ்சளாகிப் பால் வற்றிய பழம் நல்லது, மலச்சிக்கலுக்கும் உதவும். அன்னாசி நாலைந்து துண்டு தின்று கரு கலையாது. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் வெட்டிவைத்து மிளகாய்த்தூள் தூவி விற்கிறார்களே, அதில் நான் பயப்படுவது அன்னாசிக்கு அல்ல, ஈக்கும் கத்திக்கும். முழுப்பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள்.

இனித் தேத்தண்ணி. கர்ப்பத்தில் கஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிற்பது நல்லது. ஒரு கோப்பையில் ஏறக்குறைய 50 இருக்கும், சாயம் கடுமையாக இருந்தால் கூடும். ஆகவே மூன்றோடு நிறுத்துங்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இரும்புச்சத்து. கிளினிக்கில் ஒரு தங்கச்சிக்கு ஹீமோகுளோபின் 9.8, அது குறைவு. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்று வெறுமையான மாத்திரைத் தாள்களையே எடுத்துக் காட்டினா. எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டேன். "தேத்தண்ணியோடுதான், டொக்டர்." தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் சேர விடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் இன்னும் நல்லாகச் சேரும். கல்சிய மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காமல் வேறு நேரத்துக்கு வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. காய்ச்சாத பால் வேண்டாம், காய்ச்சிய பாலில் உறைந்த சட்டித் தயிர் பரவாயில்லை. அரை அவியல் முட்டையும் புல்ஸ்ஐயும் கொஞ்ச மாதத்துக்குக் கிடக்கட்டும். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம், அதையும் மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையையும் தவிருங்கள். வல்லாரைச் சம்பல் பச்சையாகச் சாப்பிடுவதென்றால், ஒவ்வொரு இலையாக ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், மண்ணில் பூனை எச்சம் இருக்கலாம். கள்ளு, சாராயம், மருந்தென்று தருகிற பிராண்டி ஒரு மூடிகூட வேண்டாம். சோடாவைக் குறையுங்கள், 24க்கும் 28க்கும் இடைப்பட்ட கிழமைகளில் செய்கிற சீனிச் சோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் கைமருந்து பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

பிள்ளை பிறந்த பிறகாவது பால்சுறா தரலாமா என்று மாமி கட்டாயம் கேட்பா. பாதரசம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும். பால் சுரப்பது பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான், அதற்குச் சுறா தேவையில்லை. அதே சரக்குத் தூளைப் போட்டு, உள்ளியை அள்ளிப் போட்டு, சாளையில் ஒரு குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.