பத்து மடங்கு சத்தாமே, வாங்கலாமா?

கேள்வி: மார்க்கெட்டில் பழக்கமான அக்கா ஒருவர் காளான் மாத்திரை விற்கிறார். போத்தல் 180 வெள்ளி. ‘ஆண்டி ஆக்ஸிடண்ட் பத்து மடங்கு’ என்று எழுதியிருக்கிறது. என் மாமியாருக்கு இனிப்புநீர் நோய். வாங்கிக் கொடுக்கலாமா? காளானைச் சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும், மாத்திரைதான் நல்லது என்கிறார் அந்த அக்கா.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆண்டி ஆக்ஸிடண்ட் என்றால் உயிரணுக்களைக் கெடுக்கும் பொருள்களைத் தடுக்கும் சத்து. பத்து மடங்கு, சரி, எதைவிட? போத்தலைத் திருப்பிப் பாருங்கள், அது மட்டும் எழுதியிருக்காது.

இந்த எண்கள் பெரும்பாலும் சோதனைக் குழாயில் பிறப்பவை. டிபிபிஎச் என்று ஊதா நிறக் கரைசல் ஒன்று உண்டு. அதில் வல்லாரைச் சாறோ காளான் சாறோ கொஞ்சம் விட்டு இருட்டில் அரை மணி நேரம் வைத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும், எவ்வளவு வெளுத்ததோ அவ்வளவு சக்தி என்று கணக்கு. கிராம்பும் தேத்தண்ணியும்கூட இதில் நல்ல மார்க் வாங்கும். ஆனால் குழாய்க்கு வயிறும் கிடையாது, கல்லீரலும் கிடையாது. உணவுகளுக்கு இப்படி மார்க் போட்டு வைத்திருந்த ஓஆர்ஏசி பட்டியலை அமெரிக்க விவசாயத் துறையே 2012-இல் எடுத்துவிட்டது. உடம்பில் நடப்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை, கம்பெனிகள்தான் அதை விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டன.

மாத்திரையாக அள்ளிப்போட்டால் கூடுதல் நன்மை என்பதும் நிச்சயமில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 1994-இல் வந்தது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற ஆண்டி ஆக்ஸிடண்டை மாத்திரையாகத் தினம் 20 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் அதிகமாக வந்தது. கேரட் சாப்பிட்டு அப்படி ஆனதாகத் தெரியவில்லை.

அதற்காகக் காளானைக் குறை சொல்லவில்லை. அதில் எர்கோதியோனின் என்ற பொருள் இருக்கிறது, நம் உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அதை உயிரணுவுக்குள் ஏற்றிச் செல்லவே தனியாக ஒரு புரதம் இருப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள், சும்மாவா உடம்பு அப்படி ஒரு வாசல் வைத்திருக்கும்! சிப்பிக் காளானில் அது நன்றாகவே உண்டு. சூட்டையும் தாங்கும், ஆனால் தண்ணீரில் கரையும், அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் குழம்பிலேயே விடுங்கள். சமைத்தால் போய்விடும் என்ற பேச்சு அவ்வளவுதான். 180 வெள்ளிக்கு எத்தனை வாரம் காளான் பிரட்டல் வரும் என்று மார்க்கெட்டில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாமியார் ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், எம்ஏஎல் என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் இருப்பதால் நோய் தீரும் என்று அர்த்தமில்லை, அது வேறு விஷயம். இனிப்புநீர் மாத்திரையை மட்டும் அவர் தானாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் இருந்த காலத்தில் மழை விட்டதும் அப்பா புற்றுக் காளான் பறித்து வருவார், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இப்போது செந்தூலில் எங்கள் ஃபிளாட் புல்வெளியில் வெள்ளையாகக் குடை விரித்து நிற்கிறதே, பறிக்கலாமா?
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம் ஐயா. புல்வெளியில் அப்படிப் பெரிதாக வெள்ளைக் குடையாக வருவது பெரும்பாலும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான். பார்க்க நல்ல காளான் மாதிரியேதான் இருக்கும், சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிவிடும். அப்பாவுக்குப் புற்றும் தெரியும், காளானும் தெரியும். நமக்குப் பாக்கெட் காளான்தான்.