சும்மா கிடக்கும் சின்ன ஃபிரிட்ஜில் பியர் போடலாமா?

கேள்வி: வீட்டில் கிட் வாங்கி ஏல் வகை பியர் போடுகிறேன். போன கோடையில் போட்டதில் வாழைப்பழ வாசனையும் நெயில் பாலிஷ் நெடியும் ஏறிவிட்டன. குளிர்காலத்திலோ, கராஜில் ஈஸ்ட் பாதியிலேயே படுத்துவிடுகிறது. மகன் படிக்கும்போது அறையில் வைத்திருந்த சின்ன ஃபிரிட்ஜ் சும்மா இருக்கிறது. அதை நொதிக்கும் பெட்டியாக மாற்றலாமா? இட்லி மாவையும் அதிலேயே வைக்கலாமா என்று மனைவி கேட்கிறார்.

– ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: தாராளமாக மாற்றலாம். வீட்டில் பியர் போடுபவர் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்பேன். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் விலை கூடிய ஹாப்ஸ் பூவெல்லாம் அப்புறம்.

ஏல் ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 20 டிகிரி போதும். ஆனால் ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டைக் கிளப்பும். அறை 22 டிகிரி என்றால் பியர் நொதிக்கும் வாளிக்குள் 25, 26 வரை போகும். உங்களுக்கு வந்த வாழைப்பழ வாசனையும் நெடியும் பெரும்பாலும் அந்தச் சூட்டின் வேலைதான். முதல் மூன்று நாள் 19-இல் பிடித்து வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நுரை அடங்கத் தொடங்கியதும் 21-க்கு ஏற்றுங்கள். ஈஸ்ட் மிச்ச வேலையை முடிக்கும், வெண்ணெய் வாசனை இருந்தாலும் அதுவே தின்றுவிடும்.

ஃபிரிட்ஜின் சொந்தத் திருகு இதற்கு உதவாது. அது பால் கெடாமல் இருக்கும் குளிருக்கென்று செய்தது. வெளியே ஒரு வெப்பநிலைக் கன்ட்ரோலர் வேண்டும், இரண்டு சாக்கெட் உள்ளதாக வாங்குங்கள். குளிர் சாக்கெட்டில் ஃபிரிட்ஜ், சூடு சாக்கெட்டில் 45 வாட் குழாய் ஹீட்டர். ஃபிரிட்ஜின் திருகைக் கடைசி வரை குளிர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். கன்ட்ரோலரில், கம்ப்ரசர் நின்று மறுபடி ஓட மூன்று நிமிடமாவது இடைவெளி வையுங்கள், இல்லாவிட்டால் அது சீக்கிரம் போய்விடும்.

கன்ட்ரோலரின் சென்சாரைப் பலர் ஃபிரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிடுகிறார்கள். அது வேண்டாம். காற்று 19 காட்டும்போது பியர் 23-இல் இருக்கும். வாளியின் பக்கத்தில், திரவ மட்டத்துக்குக் கீழே, சென்சாரை ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பான்ஜ் வைத்து டேப்பால் இறுகச் சுற்றுங்கள். வயரைக் கதவு ரப்பருக்கு இடையிலேயே கொண்டுவரலாம். ஓட்டை போடவே வேண்டாம்! பல ஃபிரிட்ஜ்களில் பக்கச் சுவருக்குள் வாயுக் குழாய் ஓடும். புதியவற்றில் அந்த வாயு தீப்பற்றக்கூடியது.

சரி, உங்கள் ஃபிரிட்ஜ் போதுமா? பின்பக்கம் கம்ப்ரசர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைக்கு லேசாக, விசிறி மட்டும் உள்ள வகை என்றால் வேனிலில் தாக்குப்பிடிக்காது. மேசை மேல் வைக்கும் அளவு என்றால் 4.5 லிட்டர் கண்ணாடி ஜாடிதான் போகும், அதுவும் வாயு வெளியேற மூடியில் செருகும் ஏர்லாக்கின் உயரத்தைச் சேர்த்து அளந்த பிறகு. 23 லிட்டர் போட ஆசையிருந்தால், ஐஸ் பெட்டி இல்லாத, சமையலறை மேடைக்குக் கீழே நிற்கும் ஃபிரிட்ஜைப் பழையதாகத் தேடுங்கள். கதவை ஒரு தாள் மேல் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது.

வீட்டில் பியர் போட லைசென்ஸ் தேவையில்லை என்று இங்கே 1963-இலேயே ஆக்கிவிட்டார்கள். ஆனால் விற்க முடியாது, சாராயம் காய்ச்சினால் குற்றம்.

இட்லி மாவுக்கு இந்தப் பெட்டி அருமையானது, லண்டன் தையில் 30 டிகிரி வேறு எங்கே கிடைக்கும்! ஆனால் பியரும் மாவும் ஒரே நேரத்தில் கூடாது. வெப்பம் ஒத்துவராது. மாவைப் புளிக்க வைக்கும் அதே வகைப் பாக்டீரியா பியருக்குள் போனால் பியரும் புளிக்கும். மாவு எடுத்த பிறகு உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிட்டு அடுத்த பியரை வையுங்கள். மாவுப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம் என்றும் மனைவியிடம் சொல்லுங்கள். பொங்கி ஹீட்டர் மேல் வழிந்தால் சுத்தம் செய்வது நீங்கள்தான்.